ஒரே வீட்டில் இரண்டு கம்பெனி

கேமரா கம்பெனிகளின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் பக்கமும் பாதிப் பேர் என் மனைவி பக்கமும் சேர்ந்துகொண்டு சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை எங்கள் வீட்டிலேயே தேவையான அளவுக்கு நடந்து முடிந்துவிட்டது. எனக்கு ஒரு கம்பெனி, அவளுக்கு ஒரு கம்பெனி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நாங்கள் இருவரும் ஏற்காட்டில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள். ஏரிக்கு மேலே போகிற ரோட்டில் ஒரு மாடியறைதான் ஸ்டுடியோ. அதன் பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மர அலமாரி நிற்கிறது. அதற்குள் ஒரு சின்ன குண்டு பல்பு எந்நேரமும் எரியும். புதிதாக வருகிறவர்கள் சாமி அலமாரி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். உள்ளே இருப்பது லென்ஸ்கள். எங்கள் ஊர் மூடுபனிக்கு ஊறுகாயில் பிடிக்கிற மாதிரி லென்ஸுக்குள்ளும் பூசணம் பிடிக்கும். அந்த பல்பின் சூடுதான் அவற்றைக் காப்பாற்றி வந்திருக்கிறது. மேல்தட்டு என்னுடையது, கீழ்த்தட்டு அவளுடையது.

இந்தத் தட்டு விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கேமரா என்பது வெறும் உடம்பு. அது சில வருடம் உழைத்துவிட்டுச் செத்துப்போகும். லென்ஸ்தான் சொத்து. ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் கேமராவில் உட்காராது. உட்கார வைக்கச் சில வித்தைகள் உண்டு, ஆனால் முகூர்த்த நேரத்தில் வித்தையை நம்பி யாரும் நிற்க மாட்டார்கள். ஆகவே கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வருமானம், சண்டை, சளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்ட நாங்கள், லென்ஸை மட்டும் பங்கு போட்டுக்கொண்டதே இல்லை. என் தட்டில் அவள் தூசி துடைக்க மாட்டாள். அவள் தட்டில் நான் கை வைத்தால் அன்றைக்குச் சோறு ஆறித்தான் கிடைக்கும்.

அவளை நான் முதன்முதலில் பார்த்ததும் ஒரு கல்யாணத்தில்தான். ஃபிலிம் காலம். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். மின்சாரம் போய்விட்டது, மூடுபனி வேறு. ஃப்ளாஷை யாராவது தள்ளிப் பிடித்தால்தான் படம் தேறும் என்ற நிலை. எதிரே நின்ற பெண்ணிடம் கொடுத்து, இப்படிப் பிடி என்றேன். அவள் அப்படிப் பிடிக்கவில்லை. இரண்டடி தள்ளிப் போய் வேறு பக்கமாகப் பிடித்தாள்.

“நான் சொன்ன எடத்துல நில்லும்மா.”

“அங்க நின்னா மூக்கு நெழலு கன்னத்துல உழுவுதுங்க,” என்றாள்.

விழுந்தது உண்மைதான். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வருடம் அவளையே கட்டிக்கொண்டேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்த எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். அவளும் பள்ளிக்கூட விடுமுறையில் பறித்திருக்கிறாள். செடியைப் பார்க்காமலே பழுத்ததை மட்டும் உருவி எடுக்கிற விரல்கள். அந்த விரல்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு இளகிவிடும்.

அந்தக் காலத்துக் கல்யாணங்களில் நான் மலை முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்த ஒரு வாக்கியம் உண்டு. “டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அசையாதீங்க.” ஃபிலிமை வீணாக்க முடியாது. மூடுபனி வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத்தான் மூடும். யாராவது தலையை ஆட்டினால் அந்தத் தலை பஞ்சாகிவிடும். அதனால் மாரமங்கலம், கொட்டச்சேடு, கீழே குப்பனூர் வரைக்கும் ஊர் ஊராக இதையே சொல்லிச் சொல்லி, அது ஜனங்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கும் எங்கள் மலையில் யாரையாவது நிற்கவைத்துப் படம் எடுத்தால், மூச்சை அடக்கிக்கொண்டு, கேமராவுக்குள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி விழுகிற அந்த ‘டக்’ கேட்ட பிறகுதான் தோளைத் தளர்த்துவார்கள். சுற்றுலா வந்தவர்கள் செல்போனில் எடுத்துவிட்டுப் போன பிறகும் சத்தம் வரவில்லையே என்று அப்படியே நிற்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவமாகவும் இருக்கும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

டிஜிட்டல் வந்தபோது நான் என் கம்பெனியில் ஒன்று வாங்கினேன். அவள் ஃப்ளாஷ் பிடிப்பதைத் தொடர்ந்தாள். ஒரு வைகாசியில் ஒரே நாளில் இரண்டு முகூர்த்தத்துக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தொழிலை விட்டுப் போகிற சேலத்து ஆள் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றும் இரண்டு லென்ஸும் கிடைத்தன. வேறு கம்பெனி. ஒரு நாள் சமாளித்தால் போதும் என்று வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

அவள் எடுத்து வந்த படங்களைப் பார்த்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மேடையை எடுப்பவன். தாலி, மாலை, வரிசை, எல்லாம் நேராக இருக்கும். அவள் மேடைக்குப் பின்னால் போய்விடுவாள். மேடை ஏறுவதற்கு முன் மணப்பெண் அவசர அவசரமாக இரண்டு வாய் களி தின்பது, பெண்ணின் அப்பா மிளகுக்கொடி மறைவில் போய் நின்று மூக்கைச் சிந்துவது, சம்பந்திகள் இரண்டு பேர் காப்பி உலர்த்துகிற களத்தில் ஒரே போர்வைக்குள் தூங்குவது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் என் படம் இருக்கும். ஆனால் நாலு வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போனால் சுவரில் மாட்டியிருப்பது அவள் எடுத்ததாக இருக்கும். இதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. வெளியில் தெரியாமலும் இல்லை.

இப்படியே காலம் போயிருக்கும். போன ஐப்பசி மழையில் என் கேமரா செத்துப்போனது. பழுது பார்க்கிறவர், உதிரி பாகமே வருவதில்லை, கண்ணாடி வைத்த கேமராக்களைக் கம்பெனிகளே நிறுத்திக்கொண்டு வருகின்றன, இனி எல்லாம் கண்ணாடியில்லாத மிரர்லெஸ்தான் என்று சொல்லி, அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளுடையதும் இருமிக்கொண்டுதான் இருந்தது. போதாக்குறைக்கு ஆல்பம் அடிக்கிற இடத்தில் வேறு புகார். ஒரே கூறைப்புடவை என் கேமராவில் அரக்காகவும் அவள் கேமராவில் தக்காளியாகவும் வருகிறது, கல்யாணத்தில் பெண்ணுக்கு இரண்டு புடவையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்றார்கள். ஆக, இனி ஒரே கம்பெனிதான் என்று முடிவானது. நல்ல மிரர்லெஸ் ஒன்றை இப்போது வாங்குவது, பிறகு அதே கம்பெனியில் இன்னொன்று. எந்தக் கம்பெனி ஜெயிக்கிறதோ அதன் தட்டு நிலைக்கும். மற்றத் தட்டைக் காலி செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் மனுசனாக இல்லை. சாப்பிடும்போதும் வீடியோ, பல் தேய்க்கும்போதும் வீடியோ. உலகத்தில் யார் யாரோ அந்த இரண்டு கேமராவையும் எடை போட்டு, பிரித்துப் பார்த்து, தண்ணீர் ஊற்றி, ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கம்பெனியுடையது கனம், ஆனால் இருட்டில் கெட்டி. அவள் கம்பெனியுடையது கைக்கு இலேசு, ஓடுகிறவனின் கண்ணில்கூட ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும். அதில் ஷட்டர் என்ற பொருளே கிடையாது, வேண்டுமானால் ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாக ‘டக்’ என்று பொய்ச் சத்தம் போடும். திரையைத் தொட்டாலும் படம் எடுக்கும். இதெல்லாம் செல்போன் பழக்கம், தொழில்காரனுக்கு எதற்கு என்று நான் தனியாகப் பேசிக்கொண்டேன். வீடியோ போடுகிறவர்கள் பூனையையும் செங்கல் சுவரையும் எடுத்துக் காட்டினார்களே தவிர, மூடுபனியில் ஒரு கல்யாண வரிசையை எடுத்துக் காட்டியவர் ஒருவர்கூட இல்லை. இருந்தாலும் என் கம்பெனிதான் சரி என்பதற்கு வாதங்களைத் தயார் செய்துவிட்டேன். அவள் எங்கெங்கே மடக்குவாள், நான் எப்படி நழுவுவேன் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் அடுப்பங்கரை வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

“உங்க கம்பெனியே வாங்கிக்கலாமுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“இதுல என்னங்க யோசிக்கறதுக்கு? உங்க லென்ஸுதான் நொம்ப இருக்குது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் தீட்டி வைத்த கத்திக்கு வேலையில்லாமல் போனதில் சின்ன ஏமாற்றமும் இருந்தது. ஆனாலும் ஜெயித்தவன் ஜெயித்தவன்தானே. அன்று மாலை எதிர்க்கடையில் பஜ்ஜி வாங்கி வந்து நானே தட்டில் வைத்துக் கொடுத்தேன். கீழ்த்தட்டில் விரல் பட்டாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறவள் அதை முழுசாக எப்படி விட்டுக்கொடுத்தாள் என்று அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் நியாயம் என்று ஒன்று இருக்கட்டும் என்று, சேலத்தில் வாடகைக்குக் கொடுக்கிற கடையில் இரண்டு கேமராவையும் எடுத்து வந்தேன். தை மாதம் கொட்டச்சேட்டில் ஒரு கல்யாணம் இருந்தது. அங்கேயே பார்த்துவிடலாம் என்று எண்ணம். இனி என் கம்பெனியைத்தானே பழக வேண்டும் என்று அதை அவளிடம் கொடுத்தேன். அவளுடைய கம்பெனியை நான் வைத்துக்கொண்டேன். இரண்டிலும் சத்தத்தை அணைத்துவிட்டேன். சத்தமில்லாமல் படம் எடுப்பதுதான் மிரர்லெஸ்ஸின் மகிமை என்று வீடியோக்காரர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

கல்யாணம் பெண் வீட்டுக் களத்தில். ஒரு ஓரமாகக் காப்பிக் கொட்டையைக் குவித்து மூடிவிட்டு மிச்ச இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊறின காப்பிப் பழத்தோலின் புளித்த வாசனை, விறகுப் புகை, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கி வருகிற பனி, எல்லாம் நான் அறிந்த தைதான். கையில் இருந்ததுதான் அறியாதது. என் கம்பெனி லென்ஸை வலப்பக்கம் திருப்பினால் என்ன ஆகுமோ, அவள் கம்பெனியில் அது இடப்பக்கம் திருப்பினால் ஆகும். இத்தனை வருடப் பழக்கம் ஒரே நாளில் போகுமா? தாலி கட்டுகிற நேரத்தில் இரண்டு பேரும் தெரியட்டும் என்று திருப்பினேன். மாப்பிள்ளையின் மூக்கு மட்டும் தெரிந்தது. திரும்பத் திருப்பிச் சரிசெய்வதற்குள் அட்சதை தலையில் விழுந்தாயிற்று. நல்ல வேளை, எதிர்ப்பக்கம் நின்று அவள் எடுத்துவிட்டாள்.

தாலிக்குப் பிறகு வரிசைப் படம். முதலில் பெண்ணின் தாய்மாமன் வீட்டார் நிற்பார்கள். பெண்கள் அதிகம் நிற்கிற வரிசைகளை எப்போதும் அவள்தான் எடுப்பாள், நான் ஆட்களை நிறுத்தி உயரம் பார்த்து ஒழுங்கு செய்வேன். அன்றும் அப்படித்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். வரிசையும் நின்றபடியே இருந்தது. நடுவில் நின்ற தாய்மாமன் மனைவி உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் பேசினார்.

“ஏனுங் தம்பி, இன்னும் சத்தம் வரலீங்களே?”

நான் சிரித்தேன். “இது புதுசுங்க, சத்தமே வராது. எல்லாம் எடுத்தாச்சு. நீங்க சாப்புடப் போங்க.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என் மனைவியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் ஒரு படம் எப்படி எடுக்க முடியும் என்று முனகிக்கொண்டே ஆட்களைக் கூட்டிக்கொண்டு பந்திக்குப் போனார். அடுத்து சித்தப்பன் வீட்டு வரிசை வந்தது. அவர்களும் சத்தத்துக்காக நின்றார்கள். அவர்களையும் அதே பெருமையோடு அனுப்பி வைத்தேன்.

மூன்றாவது வரிசையைக் கூப்பிடப் போனபோது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கம் கூட்டிப் போனாள். முகம் வெளிறியிருந்தது.

“நான் எடுக்கலீங்க.”

“எதை?”

“ரெண்டு வரிசையுமே எடுக்கலீங்க. வெரலு மடங்க மாட்டேங்குது.”

வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் கம்பு மாதிரி நேராக நின்றது. கணுக்களில் வீக்கம். மற்ற விரல்கள் மடங்கி விரிந்தன, இது மட்டும் இல்லை. நான் பிடித்து மடக்கப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அதனால் விட்டுவிட்டேன்.

“எப்ப இருந்து?”

“போன பனியிலிருந்தே இருக்குதுங்க. மொதல்ல காலைல மட்டும். இப்ப கனமாப் புடிச்சா அப்படியே நின்னுக்குது. தாலி கட்டறப்ப நடு வெரல்ல அமுக்கிட்டேன். அப்பறம் அதுவும் நடுங்கிப்போச்சு.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“எடுத்தாச்சுன்னு நீங்க சொல்லிப்போட்டீங்க. அத்தன சனத்து முன்னால உங்க பேச்ச நான் எப்படிங்க மாத்தறது?”

பழைய கேமராவாக இருந்திருந்தால் சத்தம் வராதது எனக்கே கேட்டிருக்கும். மலை முழுக்க நானே பழக்கிவிட்ட ஜனங்கள் சத்தத்துக்காக நின்றார்கள், நானே அவர்களைப் போகச் சொல்லிவிட்டேன். அந்தத் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு மற்றதும் புரிந்தது.

“அதனாலதான் என் கம்பெனியே வாங்கலாம்னியா?”

அவள் தொட்டித் தண்ணீரில் கையை முக்கினாள்.

“நான் உட்டுப்போட்டா என்ற லென்ஸு சும்மாதானுங்க கெடக்கும். உங்களுது அப்படிக் கெடக்கக் கூடாதில்ல.”

ஒரு வருடமாக இதை ஒளித்துவைத்துக்கொண்டு, தொழிலை விடுவதென்று தனக்குத் தானே முடிவு செய்து, என் லென்ஸ்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறாள். நான் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து ஜெயித்ததைக் கொண்டாடியிருக்கிறேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது, அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அப்போது அழ நேரமில்லை. பந்தலில் மூன்றாவது வரிசை உயரம் பார்த்துத் தானாகவே நின்றுகொண்டிருந்தது.

கேமராக்களை மாற்றிக்கொண்டோம். அவள் கம்பெனியுடையதை அவள் கழுத்தில் மாட்டினேன். திரையைப் பிரித்து மேல்பார்த்துத் திருப்பி, வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னேன். கனத்தை இடது உள்ளங்கை தாங்கிக்கொள்ளும். வலது கட்டைவிரலால் திரையைத் தொட்டால் போதும். நான் கேலி செய்த அதே செல்போன் பழக்கம்தான். அவள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஒரு தடவை தொட்டாள். தொட்டியில் மிதந்த இலையின் படம் திரையில் வந்து நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் வைங்க,” என்றாள்.

உள்ளே தேடிப் பொய்ச் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன்.

மூன்றாவது வரிசையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனேன். சோற்றில் கை வைத்தவர்களை எழுப்புவது எங்கள் பக்கத்தில் செய்யக்கூடாத காரியம். தாய்மாமன் மனைவியின் இலை முன் போய்க் குனிந்து, தப்பு என்னுடையது, படம் விழவில்லை, சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை நிற்க முடியுமா என்று கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“சத்தம் வரலீன்னு நாந்தான் அப்பவே கேட்டேனுங்களே.”

“கேட்டீங்க.”

“போயி உங்கூட்டுக்காரம்மாளச் சாப்புடச் சொல்லுங்க. மொகமே சரியில்ல. நாங்க எங்க ஓடிப்போறோம்?”

சித்தப்பன் வீட்டாரிடமும் போய் அதையே கேட்டேன். தாய்மாமன் வீட்டார் வாயைத் துடைத்துக்கொண்டு முதலில் வந்து நின்றார்கள். என் மனைவி வயிற்றோடு கேமராவை அணைத்தபடி நின்று, குனிந்து திரையைப் பார்த்து, கட்டைவிரலை வைத்தாள். டக் என்று கேட்டது. வரிசை முழுக்கத் தோள்கள் இறங்கின. தாய்மாமன் மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பந்தலில் நான் எந்த மூலையில் நின்றாலும், கூட்டத்துக்குள் எங்கேயோ அவள் எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வீடியோக்காரர்கள் சொன்ன மகிமை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வேனில் திரும்பும்போது அவள் கம்பெனியையே வாங்கலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு விரல் போனவளை நம்பி யாராவது இவ்வளவு பெரிய காரியம் செய்வார்களா என்றாள். மேல்தட்டை என்ன செய்வீர்கள் என்றாள். விற்றுவிடுவேன் என்றேன். பைத்தியமா என்றாள். வீடு வந்து சேருகிறவரை இதுதான் பேச்சு. இந்தத் தடவை என்னிடம் வாதம் எதுவும் இல்லை, அதனால் தோற்கவும் வழியில்லாமல் போனது.

மேல்தட்டைக் காலி செய்த நாள் நன்றாக இல்லை. ஒவ்வொரு லென்ஸையும் எடுத்துத் துடைத்தேன். இதில்தான் சேர்வராயன் கோவில் திருவிழாக் கூட்டத்தை எடுத்தேன். இதில்தான் காட்டெருமை வழிமறித்த அன்று மூன்று படம் எடுத்தேன். இதன் ஓரத்தில் இருக்கிற கீறல் குப்பனூர் ரோட்டில் விழுந்தபோது ஆனது. சேலத்தில் வாங்கிக்கொண்டவர் பூசணம் ஒரு புள்ளிகூட இல்லையே, எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பல்பு என்றேன். மேலே வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வளைவுகள் முடிகிறவரை யாருக்கும் முகம் காட்டவில்லை.

அவள் விரலுக்கு வைத்தியம் நடக்கிறது. குளிரில் கனமாக எதையும் பிடிக்காதீர்கள் என்கிறார் மருத்துவர். ஏற்காட்டில் இருந்துகொண்டு குளிரில் பிடிக்காமல் எங்கே போய்ப் பிடிப்பது? நல்ல நாளில் விரல் பாதி மடங்குகிறது. மற்ற விரல்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்.

புதுக் கேமரா வந்த அன்று மத்தியானம், ஸ்டுடியோ ஜன்னல் பக்கத்து மேசையில் பெட்டியைப் பிரித்தோம். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

“அடுத்த பனிக்கு இந்தக் கட்ட வெரலும் நின்னு போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க? உங்க லென்ஸயும் வித்துப்போட்டீங்க.”

“நீ பக்கத்துல நில்லு. எங்க நிக்கணும், எதப் பாக்கணும்னு சொல்லு. நான் அமுக்கறேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அமுக்கறதெல்லாம் அமுக்கிருவீங்க. சொன்னாக் கேப்பீங்களா?”

இத்தனை வருடத்தில் அவள் என் மேல் பட்ட சந்தேகங்களில் இதைவிட நியாயமானது ஒன்று கிடையாது. கேட்பேன் என்றேன்.

அவள் வளையலை மேலே ஒதுக்கிவிட்டு, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் வலது கையை மேசை மேல் வைத்தாள். நாலு விரலையும் மடக்கினாள். ஐந்தாவதான ஆள்காட்டி விரலையும் மடக்கப் பார்த்து, வருகிற அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“மொதல்ல இத எடுங்க. மடங்கறப்பவே எடுத்து வெச்சுருங்க.”

எடுத்தேன். அவள் எட்டித் திரையைப் பார்த்தாள்.

“கிட்டப் போயிட்டீங்க. ஒரு ரெண்டடி தள்ளி, அந்தப் பக்கமா நில்லுங்க.”

இரண்டடி தள்ளி, அவள் சொன்ன பக்கத்தில் நின்று, மறுபடியும் எடுத்தேன்.